போரில் உயிர்நீத்த நம் பகுதி வீரர்களின் உருவப்பட மலர்: யாரைச் சேர்ப்பது, படம் இல்லாதவர்களுக்கு என்ன செய்வது?

மலையடிவாரம் (கிருஷ்ணகிரி) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பக்கத்து முன்னாள் படைவீரர்கள் சிலரும் பள்ளி ஆசிரியர்கள் சிலரும் சேர்ந்து, பழைய தருமபுரி மாவட்டத்திலிருந்து, அதாவது இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களிலிருந்தும், படைக்குப் போய்ப் போரில் உயிர்நீத்தவர்களின் உருவப்படங்களைத் தொகுத்து ஒரு நினைவு மலராக அச்சிட முனைந்திருக்கிறோம். ஆளுக்கு ஒரு பக்கம். மேலே படம், கீழே ஐந்தாறு வரிக் குறிப்பு. அச்சான பிறகு அதையே இணையத்திலும் ஏற்றிவிடலாம் என்பது இளையவர்களின் விருப்பம்.

வேலையில் இறங்கிய பிறகுதான் எத்தனை முடிச்சுகள் இருக்கின்றன என்பது தெரிகிறது. முதல் முடிச்சு, யாரைச் சேர்ப்பது என்பது. எதிரியின் குண்டுக்கு இரையானவர்களை மட்டும் சேர்ப்பதா, எல்லையில் பனிச்சரிவிலும் வாகன விபத்திலும் இறந்தவர்களையும் சேர்ப்பதா என்று எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. இரண்டாவது, பல வீடுகளில் படமே இல்லை. ஒரு வீட்டில் கலியாணக் கும்பல் படத்தில் பின்வரிசையில் நிற்கும் முகம் ஒன்றுதான் இருக்கிறது. இன்னொரு வீட்டில் சுவரில் மாட்டியிருந்த படம் மழைக்காலத்து ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. படம் கிடைக்காதவர்களுக்கு, அவருடைய தம்பியின் படத்தையோ மகனின் படத்தையோ வைத்துச் செயற்கை நுண்ணறிவு மென்பொருளால் ஒரு முகத்தை உருவாக்கிவிடலாம் என்று குழுவில் ஒருவர் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் மறுத்துப் பேசத் தக்க காரணமும் உடனே தோன்றவில்லை. மூன்றாவது, பக்க வரிசை. அதிகாரிகளை முன்னால் வைத்துச் சிப்பாய்களைப் பின்னால் வைப்பதுதான் முறை என்று ஒரு பெரியவர் உறுதியாக நிற்கிறார். இவற்றைப் பற்றி அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற சுபேதார் (அரூர்) எழுதியது:

நல்ல காரியம், தம்பி. படையின் பொறியியல் பிரிவுகளில் ஒன்றான மதராஸ் சாப்பர்ஸில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். அதன் மையம் இருக்கும் பெங்களூரு பக்கத்திலேயே இருப்பதால் நம் ஊர்ப் பிள்ளைகளில் கணிசமானவர்கள் அங்கேதான் போய்ச் சேர்ந்தார்கள். மற்றவர்கள் வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்ட் மையத்துக்குப் போனார்கள். ஆகவே உங்கள் தேடல் பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களின் பதிவு அலுவலகங்களைச் சுற்றித்தான் இருக்கும். பெயரை மட்டும் எழுதிக் கேட்டால் பதில் வராது. முனுசாமியும் மாரியப்பனும் கிருஷ்ணனும் ஒவ்வொரு பட்டாலியனிலும் பத்துப் பேர் இருப்பார்கள். படை எண்ணைக் கொடுத்தால்தான் ஆளைப் பிரித்தறிய முடியும். அந்த எண் குடும்ப ஓய்வூதிய ஆணையில் இருக்கும். பதக்கம் இருந்தால் அதன் விளிம்பிலும் பெரும்பாலும் பொறித்திருக்கும். ஆணை தொலைந்துபோன வீடுகளுக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நலன் அலுவலகம் வழிகாட்டும்.

யாரைச் சேர்ப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். படையின் கணக்கில் போர்ச் சாவு என்பதும் மற்றச் சாவு என்பதும் வேறு வேறு வகைகள். அண்மைக் காலத்து ஓய்வூதிய ஆணைகளில் லிபரலைஸ்டு குடும்ப ஓய்வூதியம் என்று இருந்தால், போர் நடவடிக்கையில் இறந்தவர் என்று படை ஏற்றுக்கொண்டிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் என்று இருந்தால், பணியின் காரணமாக நேர்ந்த சாவு என்று பொருள். ஆனால் இந்தப் பாகுபாட்டை அப்படியே மலருக்குக் கொண்டுவந்து கதவை அடைத்துவிடாதீர்கள். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் பனிச்சரிவில் புதைந்த 19ஆம் மதராஸ் பட்டாலியனின் 10 பேரில் ஒருவர் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பிள்ளை. அவர்கள் மேல் எந்த எதிரியும் சுடவில்லை. ஆயினும் 1984 ஏப்ரலில் அந்தப் பனிமலையில் நம் படை ஏறியது முதல், அங்கே குண்டுக்குப் பலியானவர்களைவிடக் குளிருக்கும் பனிக்கும் பலியானவர்களே மிகுதி. அவர்களை விட்டுவிட்டுப் போர்வீரர் மலர் என்று ஒன்று போட முடியுமா? என் யோசனை இது: எல்லாரையும் சேருங்கள், ஆனால் எப்படி இறந்தார் என்பதை மறைக்காமல் ஒரே வரியில் எழுதுங்கள். எல்லாருக்கும் "எதிரியோடு போரிட்டு வீரமரணம்" என்று ஒரே அச்சில் வார்க்காதீர்கள். லாரி கவிழ்ந்து இறந்தவருக்கு அப்படி எழுதினால், உண்மையில் அப்படி இறந்தவரின் வரியையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

இன்னொரு சங்கடத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு கூட்டத்தில் எழுந்தால் குழு உடைந்துவிடும். 1987 முதல் 1990 வரை அமைதிப்படையில் இலங்கைக்குப் போய் இறந்தவர்களும் நம் மாவட்டங்களில் இருக்கக்கூடும். அந்தப் போரைப் பற்றித் தமிழ்நாட்டில் ஆளுக்கு ஒரு கருத்து உண்டு. அந்த வாதத்துக்கு மலர் இடமல்ல. 1987 நவம்பர் 25 அன்று அங்கே உயிர்நீத்துப் பரம் வீர் சக்ரா பெற்ற மேஜர் இராமசாமி பரமேசுவரனின் மார்பளவுச் சிலை தில்லியில் தேசியப் போர் நினைவிடத்தில் இருக்கிறது. போ என்று ஆணையிட்டார்கள், அந்தச் சிப்பாய் போனான். இடமும் நாளும் மட்டும் எழுதி அவர்களுக்கும் பக்கம் ஒதுக்குங்கள்.

வரிசை விஷயத்தில் பெரியவர் சொல்வதை நான் ஏற்கவில்லை. இறந்த நாளின் வரிசையில் போடுங்கள். படத்தின் அளவும் எழுத்தின் அளவும் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும். பதக்கம் பெற்றவருக்குக் குறிப்பில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான்.

நடுகல் நாடோடி (தருமபுரி) எழுதியது:

சுபேதார் ஐயாவின் கருத்தோடு முழுவதும் உடன்படுகிறேன். காலத்தால் இன்னும் பின்னால் போக வேண்டியவர்களுக்காகச் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1965 அக்டோபர் 2 அன்று. கிருஷ்ணகிரி தனியானது 2004 பிப்ரவரி 9 அன்று. ஆகவே இரண்டு உலகப் போர்களிலும், 1962 சீனப் போரிலும், 1965 செப்டம்பர்ப் போரிலும் இறந்தவர்களின் பதிவுகளில் ஓசூர்க்காரரும் பென்னாகரத்துக்காரரும் சேலம் மாவட்டத்துக்காரராகவே இருப்பார்கள். தருமபுரி என்று தேடினால் ஒருவரும் அகப்பட மாட்டார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் தேடும்போது இதை மனத்தில் வையுங்கள். அங்கே சில பெயர்களுக்குக் கீழே தகப்பனார் பெயரும் ஊரும் கொடுத்திருப்பார்கள். ஊர்ப் பெயர் வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதப்பட்டிருக்கும், வாய்விட்டுப் படித்துப் பார்த்தால்தான் நம் ஊர் என்று புலப்படும்.

எந்தப் பெயர் எங்கே இருக்கும் என்பதையும் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. தில்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடத்தில் 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் உண்டு; அவை விடுதலைக்குப் பிறகு இறந்தவர்களின் பெயர்கள். முதல் உலகப் போரில் இறந்தவர்களில் ஒரு பகுதியினரின் பெயர்கள் இந்தியா கேட்டில் உள்ளன. இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் இறந்து, கல்லறை அறியப்படாதவர்கள் ஏறத்தாழ 27 ஆயிரம் பேரின் பெயர்கள் யாங்கோனுக்கு அருகே தௌக்கியான் கல்லறைத் தோட்டத்தில் உள்ள ரங்கூன் நினைவகத்தில் இருக்கின்றன. மலேயாவிலும் சிங்கப்பூரிலும் இறந்து அதேபோல் கல்லறை அறியப்படாதவர்களின் பெயர்கள் சிங்கப்பூரின் கிராஞ்சியில் உள்ளன. நம் பக்கத்து ஆட்கள் 1942க்கும் 1945க்கும் இடையில் இறந்திருந்தால் பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில் ஒன்றில் அகப்படுவார்கள்.

படமில்லாதவர்களைப் பற்றி என் கருத்து சற்றுக் கடுமையானது. முதல் உலகப் போருக்குப் பிறகு சென்னை மாகாணத்துக் கிராமங்கள் பலவற்றில் ஆங்கில அரசு சிறு கல்வெட்டுப் பலகைகளைப் பதித்தது. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914-1919 பெரும்போருக்குச் சென்றார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அதில் இருக்கும். பெயர் ஒன்றுகூட இருக்காது. ஈராக்கின் பஸ்ரா நினைவகத்திலும் இதே கதைதான்: அதிகாரிகளின் பெயர்களைப் பொறித்துவிட்டு, இந்தியச் சிப்பாய்களைப் படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கையாக எழுதிவைத்தார்கள். பதவியும் இனமும் பாராமல் எல்லாருக்கும் சமமான நினைவு என்பதைக் கொள்கையாகக் கொண்டு 1917இல் தோன்றிய அதே போர்க் கல்லறை ஆணையமே இதைச் செய்தது. 2021இல் தன் அறிக்கையில் அதை ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது.

இப்போது நம் மண்ணைப் பாருங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பகுதிகளில் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நிற்கிற பல்லவர் காலத்து நடுகற்களில் அரசனின் ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்த ஊர்த் தொறுவை, அதாவது மாட்டு மந்தையை, மீட்கும்போது பட்டான், அவன் பெயர் என்ன என்பவை நான்கைந்து வரிகளில் இருக்கும். நடுவில் வில்லும் வாளும் ஏந்திய உருவம். நீங்கள் திட்டமிடும் பக்கத்தின் அமைப்பு அப்படியே அதுதான். செங்கத்துக்கு அருகே எடத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கப் போய் இறந்தவனோடு, கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற அவனுடைய நாயையும் செதுக்கி, அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் நாய்க்குக் கிடைத்த மரியாதை பஸ்ராவில் நம் சிப்பாய்க்குக் கிடைக்கவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். நடுகல்லில் உள்ள முகம் அந்த ஆளைப் பார்த்து வரைந்த முகம் அன்று. பெரும்பாலான கற்களில் சிற்பி ஒரே வாய்பாட்டில்தான் செதுக்கியிருக்கிறான். யாரும் அதை அவனுடைய சாயல் என்று எண்ணி ஏமாறவும் இல்லை. ஆளை ஆளாக்குவது அதிலுள்ள எழுத்து. எழுத்துத் தேய்ந்த கற்கள் வேடியப்பனாகி, எண்ணெயும் மஞ்சளும் பெற்றுச் சாமியாக நிற்கின்றன. யார் எதற்காக இறந்தார் என்பது போயிற்று. ஆனால் புகைப்படம் அப்படியில்லை. புகைப்படத்தைப் பார்ப்பவர் இதுதான் அவர் முகம் என்று நம்புகிறார். அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு தம்பியின் மூக்கையும் மகனின் கண்ணையும் ஒட்டி ஒரு முகத்தை அச்சிடுவது பொய்ச் சாட்சி. படம் இல்லையென்றால் அதே அளவு கட்டத்தை வெற்றாக விட்டு, கீழே பெயர், படை எண், பிரிவு, ஊர், நாள், இடம் ஆகியவற்றை முழுமையாக எழுதுங்கள். படம் கிடைக்கவில்லை என்ற காரணத்துக்காக ஒருவரைக்கூட மலரிலிருந்து விடாதீர்கள்.

ஓசூரான் எழுதியது:

இதையெல்லாம் முகநூலில் ஒரு பக்கம் தொடங்கிப் போட்டால் போதாதா? அச்சுச் செலவு மிச்சம்.

மலையடிவாரம் எழுதியது:

முகநூலில் போட்டால் அந்த வாரம் நூறு பேர் கைகூப்புவார்கள். அடுத்த ஆண்டு தேடினால் கிடைக்காது. மேலும், இந்தப் படங்களை வைத்திருக்கிற பாட்டிமார் பலரிடம் கைபேசியே இல்லை. அவர்கள் கையில் கொடுக்க ஒரு புத்தகம் வேண்டும்.

இருட்டறை (காவேரிப்பட்டணம்) எழுதியது:

ஸ்டுடியோ நடத்துகிறவன் என்பதால் படங்களைக் கையாள்வதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கண்ணாடியோடு ஒட்டிய படத்தைப் பிய்க்காதீர்கள். படத்தின் மேற்பூச்சு ஈரத்தில் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருக்கும். இழுத்தால் தாள் உங்கள் கையிலும் முகம் கண்ணாடியிலுமாக இரண்டாகப் போகும். தண்ணீரில் ஊறவைத்தால் கழன்று வரும் என்று யூடியூபில் சொல்வதை நம்பி இறங்கவும் வேண்டாம். சட்டத்தின் பின்னட்டையை மட்டும் மெதுவாக எடுத்துவிட்டு, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம். ஸ்கேனரில் அடங்காத பெரிய படமானால், சுவரிலிருந்து இறக்கி மேசையில் படுக்கவைத்து, இரண்டு பக்கமும் 45 பாகைச் சாய்வில் ஒரே அளவு விளக்கு வைத்து, கேமராவை நேர் மேலே நிறுத்தி எடுக்க வேண்டும். கேமராவின் நிழலும் உங்கள் சட்டையின் வெள்ளையும் கண்ணாடியில் விழாமல் இருக்க, ஒரு கறுப்புத் துணியில் லென்சுக்கு மட்டும் துளையிட்டு நடுவில் பிடித்துக்கொள்ளுங்கள். ஆடிக்கும் அமாவாசைக்கும் வைத்த குங்குமமும் சந்தனமும் கண்ணாடியில், சரியாக நெற்றிக்கு மேல் அப்பியிருக்கும். நாமாகத் துடைக்கக் கூடாது. வீட்டாரிடம் சொன்னால் அவர்களே துடைத்துத் தந்து, படம் எடுத்த பிறகு மறுபடி வைத்துக்கொள்வார்கள்.

சிறிய படமானால் அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்திக்குக் குறையாமலும், பாஸ்போர்ட் அளவுப் படமானால் 1200இலும் ஸ்கேன் செய்து, டிஃப் வகைக் கோப்பாக ஒரு படியை எந்தத் திருத்தமும் செய்யாமல் தனியே வைத்துவிடுங்கள். கறுப்பு வெள்ளைப் படமானாலும் வண்ண ஸ்கேனாகவே எடுங்கள். பழுப்பேறிய கறையைப் பிறகு பிரித்தெடுக்க அது உதவும். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோ முத்திரை, தேதி, யாரோ பென்சிலில் எழுதிய ஊர்ப் பெயர் என்று படத்தின் பாதி வரலாறு பின்னால்தான் இருக்கும். வாட்சப்பில் அனுப்பச் சொல்லி வாங்கிய படம் அச்சுக்கு உதவாது; வேறு வழியே இல்லையென்றால் ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

கீறலை மறைப்பது, கறையை நீக்குவது, வெளிறிப்போனதைச் சற்று ஏற்றுவது, இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முகத்தைத் தெளிவாக்கித் தருகிறேன் என்கிற மென்பொருள் முகத்தைத் தெளிவாக்குவதில்லை, புதிதாக ஒன்றை வரைகிறது. அதிலும் சீருடைப் படங்களில் செய்கிற கூத்து தனி. மதராஸ் ரெஜிமெண்டின் தொப்பிச் சின்னத்தில் கேடயத்தின் மேல் அசாயே யானை நிற்கும், பின்னால் இரண்டு வாள்கள் குறுக்காக இருக்கும். பழைய படத்தில் அது பட்டாணி அளவு வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். மென்பொருள் அதைப் பூவாக்கும், நட்சத்திரமாக்கும். வண்ணமேற்றச் சொன்னால், மார்பிலுள்ள பதக்கப் பட்டிகளுக்குத் தன் விருப்பப்படி நிறம் கொடுக்கும். பட்டியின் நிறம் மாறினால் பதக்கமே மாறிவிடும் என்பது சுபேதார் ஐயாவுக்குத் தெரியும். கும்பல் படத்திலிருந்து வெட்டியெடுத்த முகம் மங்கலாக இருந்தால் மங்கலாகவே அச்சிடுங்கள். எதிரே முழுப் படத்தையும் சிறிதாகப் போட்டு, அவர் நிற்கும் இடத்தைக் குறித்துவிடுங்கள்.

உரிமை பற்றியும் சொல்ல வேண்டும். காசு கொடுத்து ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்பது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். ஆகவே வீட்டுப் படத்துக்கு வீட்டாரின் எழுத்து மூலமான ஒப்புதல் போதும். பத்திரிகையில் வந்த படம், இணையத்தில் கிடைத்த படம் ஆகியவற்றை அப்படி எடுத்தாள முடியாது. அச்சுக்கு, எழுத்துப் பக்கங்களை மேப்லித்தோ என்ற சாதாரண அச்சுத் தாளில் போட்டாலும் படப் பக்கங்களை மேட் ஆர்ட் பேப்பரில் போடுங்கள். பளபளக்கும் தாளில் விளக்கு வெளிச்சம் பட்டு முகம் தெரியாது.

பாலக்கோட்டுப் பேத்தி எழுதியது:

என் தாத்தா 1971 டிசம்பரில் இறந்தார். எங்களைப் போன்ற வீட்டுக்கு ஒரு குழு வந்து நிற்கும்போது வீட்டுக்குள்ளிருந்து அது எப்படித் தெரியும் என்பதை எழுதலாம் என்று நினைக்கிறேன்.

முதலாவது, யாரிடம் ஒப்புதல் கேட்கிறீர்கள் என்பது. ஊருக்குள் வந்தவுடன் எல்லாரும் வீட்டு ஆண்களிடம், அதாவது இறந்தவருடைய அண்ணன் தம்பி மக்களிடம் போகிறார்கள். மனைவி உயிரோடு இருந்தால் முதலில் அவரிடம் கேளுங்கள், தனியே கேளுங்கள். இருபது வயதில் கணவனை இழந்தவர்களில் சிலர் மறுமணம் செய்துகொண்டு வேறு ஊரில் வாழ்கிறார்கள். சிலர் புகுந்த வீட்டோடு ஓய்வூதியப் பணத்தாலும் நிலத்தாலும் மனம் முறிந்திருக்கிறார்கள். நீங்கள் நல்ல எண்ணத்தோடு எழுதுகிற "இன்னாரின் மனைவி இன்னார், இன்ன ஊரில் வசிக்கிறார்" என்ற ஒரு வரி அவர்களுக்குத் தொல்லையாக முடியும். இணையத்தில் ஏற்றும்போது படை எண், உயிரோடு இருப்பவர்களின் பெயர், வீட்டு முகவரி, ஓய்வூதிய விவரம் ஆகியவற்றை நீக்கிவிடுங்கள். வங்கியிலிருந்து பேசுகிறோம், நிலுவைத் தொகை வந்திருக்கிறது என்று முதியவர்களை ஏமாற்றுகிறவர்களுக்கு நாமே பட்டியல் தயாரித்துக் கொடுத்ததாகிவிடக் கூடாது.

இரண்டாவது, எந்தப் படம் என்பது. இந்த மாதிரி முயற்சிகளில் சீருடைப் படத்தைத்தான் கேட்பார்கள். என் தாத்தாவுக்கும் பயிற்சி முடிந்து, உறுதிமொழி ஏற்கும் கசம் பரேடின்போது எடுத்த படம் ஒன்று உண்டு. கன்னத்தை உள்ளிழுத்து, விறைத்து, யாரோ மாதிரி இருப்பார். என் பாட்டி கும்பிடுவது அந்தப் படத்தை அல்ல. கடைசி விடுப்பில் வந்தபோது ஸ்டுடியோவில் எடுத்த படம்: முழங்கை வரை சுருட்டிவிட்ட வெள்ளைச் சட்டை, பக்கத்தில் உயரமான முக்காலியில் காகிதப் பூச்சாடி, ஒரு கை அந்த முக்காலியின் விளிம்பைப் பிடித்திருக்கும். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் உதட்டின் ஒரு பக்கம் மட்டும் மேலேறியிருக்கும். எங்கள் வீட்டுக்கு அவர் அந்த ஆள்தான்.

1969 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் லைஃப் இதழ், வியட்நாம் போரில் ஒரே வாரத்தில் இறந்ததாக அறிவிக்கப்பட்ட 242 பேரின் பெயர்களையும் அவர்களில் பெரும்பாலோரின் படங்களையும் பக்கம் பக்கமாக அச்சிட்டது. அதில் சீருடைப் படங்களோடு பள்ளிக்கூட ஆண்டு மலருக்காக எடுத்த படங்களும் வீட்டுப் படங்களும் கலந்திருந்தன. எண்ணிக்கையாகக் கேட்டுப் பழகிய செய்தி, பக்கத்து வீட்டுப் பையன்களாக எதிரே வந்து நின்றதால்தான் அந்த நாடு அவ்வளவு அதிர்ந்தது என்று நான் நினைக்கிறேன். அதே போரில் இறந்த 58 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு ஆளுக்கு ஒரு படமாவது தேடிச் சேர்க்கும் பணியும் அங்கே நடந்தது. 2022இல்தான் அது முடிந்தது. நீங்களும் ஒரே மலரோடு முடித்துவிட எண்ண வேண்டாம்.

ஓய்வுபெற்ற சுபேதார் எழுதியது:

பாலக்கோட்டு மகளுக்கு மரியாதையோடு ஒரு மறுப்பு. சீருடை அந்த ஆளுக்கு வெறும் உடுப்பு அல்ல. தொப்பிச் சின்னமும் தோள்பட்டை எழுத்தும் அவன் எந்தப் பிரிவுக்காரன் என்பதற்குச் சான்று. பதிவேட்டில் சந்தேகம் வந்தால் படத்தை வைத்துத்தான் தீர்ப்போம். அவனுடன் இருந்தவர்கள் அவனை அப்படித்தான் அறிவார்கள். வீட்டுப் படத்தை மட்டும் போட்டால், எங்கள் ஆள் எங்கே என்று பட்டாலியன்காரர்கள் கேட்பார்கள்.

பாலக்கோட்டுப் பேத்தி எழுதியது:

ஐயா, சான்றாகச் சீருடைப் படம் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. பெரிய படம் எது என்பதை வீட்டாரிடம் விட்டுவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன். சீருடைப் படத்தையே விரும்புகிற வீடுகளும் நிறைய இருக்கும்.

நடுகல் நாடோடி எழுதியது:

இந்த இழுபறி நூறாண்டுக்கு முன்பே நடந்ததுதான். 1917இல் இலண்டனில் தோன்றிய போர் அருங்காட்சியகம், இறந்தவர்களின் படங்களை அனுப்புமாறு குடும்பங்களைக் கேட்டு 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களைச் சேர்த்தது. அந்நாளைய படப் பத்திரிகைகள் பெரும்பாலும் அதிகாரிகளின் முகங்களையே பக்கம் பக்கமாக வெளியிட்டுக்கொண்டிருந்தபோது, சாதாரணச் சிப்பாய்களின் படங்களையும் அது கேட்டு வாங்கியது. நம் மலரிலும் வீட்டார் கொடுப்பதை ஏற்றுக்கொண்டு, சீருடைப் படம் தனியே இருந்தால் குறிப்பின் பக்கத்தில் சிறிதாக வைப்பதில் இடையூறு ஒன்றும் இல்லை.

மலையடிவாரம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. உங்கள் பதில்களை அச்செடுத்துக் குழுவில் வாசித்தோம். பின்வருமாறு முடிவாகியிருக்கிறது. இறந்த நாளின் வரிசையே பக்க வரிசை. பெரியவரும் இறுதியில் இசைந்துவிட்டார். எல்லாப் படமும் ஒரே அளவு, எந்தப் படம் என்பது வீட்டாரின் தெரிவு, சீருடைப் படம் இருந்தால் குறிப்போடு சிறிதாக. செயற்கை நுண்ணறிவு முகங்கள் கிடையாது. படம் இல்லாதவர்களுக்குக் கட்டம் வெற்றாக இருக்கும், பிற்பாடு படம் கிடைத்தால் அடுத்த பதிப்பில் சேரும். பனிச்சரிவில் இறந்தவர்களும் அமைதிப்படையினரும் உண்டு. சாவின் காரணம் ஆவணத்தில் உள்ளபடி ஒரு வரி. இணையப் பதிப்பில் படை எண்ணும் உயிரோடு இருப்பவர்களின் விவரங்களும் இரா. ஒப்புதல் படிவத்தில் அச்சுக்கும் இணையத்துக்கும் தனித்தனிக் கையெழுத்து வாங்கப்போகிறோம்.

தீராமல் நிற்பது ஒன்றுதான். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் மலைக் கிராமங்களில் இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் படங்கள் சில இருப்பதாகச் சொல்கிறார்கள். சட்டத்திலிருந்து கழற்றிக் கொண்டுவரச் சொல்லவும் பயமாக இருக்கிறது, பேருந்தில் கண்ணாடியோடு கொண்டுவரச் சொல்லவும் பயமாக இருக்கிறது.

இருட்டறை எழுதியது:

இரண்டும் வேண்டாம். ஆணியிலிருந்தும் இறக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். ஊர்களின் பெயரையும், பகலில் மின்சாரம் நிற்கிற நேரத்தையும் எழுதி அனுப்புங்கள். கேமராவும் பேட்டரி விளக்கும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நானே வருகிறேன். உடன் வர அந்தப் பக்கத்துப் பேச்சு தெரிந்த ஒருவரும், வீட்டுப் பெண்களிடம் உட்கார்ந்து பேச ஒரு பெண் ஆசிரியரும் இருந்தால் நல்லது.